மூடி இல்லாத பேனா

அண்ணி சர்க்கரையைக் குறைத்து டீ கொடுத்தால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம். கேட்காமலே தாராளமாகப் போட்டுக் கொடுத்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது. இன்றைக்குத் தித்திக்கிறது. குடி. மெதுவாகக் குடி. தம்ளரிலிருந்து முகத்தை எடுத்தால் கேட்டுவிடுவாள்.

ஆனால் ஒரு தம்ளர் டீக்குப் பின்னால் எவ்வளவு நேரம்தான் ஒளிந்துகொள்ள முடியும்.

"பாப்பா," என்றாள் அண்ணி. நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். "இன்னைக்கு பேப்பர் திருத்தற இடத்துக்கு மேலேர்ந்து ஒரு அதிகாரி வர்றார். உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவார்."

"என்னை எதுக்கு அண்ணி?"

"நான்தான் உன் பேரைச் சொன்னேன். ஒரே கேள்விதான் கேப்பார். உன் பக்கத்துல உக்கார்றாளே, ரேடியோ, அவ அந்த விடைத்தாள் கட்டைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தினாளான்னு. ஆமான்னு சொல்லிடு. விளக்கம் கிளக்கமெல்லாம் வேண்டாம். நீ விளக்க ஆரம்பிச்சா விடிஞ்சிடும்."

அண்ணி சிரித்தாள். அவளும் சிரித்தாள். பழக்கம். அண்ணி சிரித்தால் அவள் முகமும் தானாகச் சிரித்துவிடும், மனசைக் கேட்காமலே.

கூடத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது. முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவனுக்குக் கூடத்துக் கட்டில்தான் உலகம். "என்ன, காலங்காத்தால ரெண்டு பேரும் குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்லை. இங்கிலீஷ்ல ஒரு சண்டை," என்றாள் அண்ணி.

"உங்க ரெண்டு பேருக்கும் தமிழ்லயே தீராத சண்டை நிறைய இருக்கே," என்றான் அவன்.

அண்ணியும் அவளும் வேறு வேறு பள்ளிகளில் ஆங்கில ஆசிரியைகள். பொதுத்தேர்வு முடிந்ததும் இருவரும் ஒரே மையத்துக்கு விடைத்தாள் திருத்தப் போவார்கள். அண்ணி மேசைத் தலைவி. அவளிடம் பச்சை மைப் பேனா இருக்கும், மற்றவர்களிடம் சிவப்பு. சொந்தக்காரர்கள் ஒரே மேசையில் உட்காரக் கூடாது என்று விதி. அண்ணியின் பெயருக்குப் பின்னால் அண்ணனின் பெயர் இருக்கிறது. அவளுடைய பெயருக்குப் பின்னால், அவளைப் பல வருஷங்களுக்கு முன்பே விட்டுவிட்டுப் போனவனின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் காகிதத்தில் அவர்கள் யாரோ யாரோ. மையத்தில் அண்ணி அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவாள். அவள் அண்ணியை 'மேடம்' என்பாள். முதல் வருஷம் அது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது.

காரில் போகும்போது அண்ணி சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினாள்.

"மத்த கட்டெல்லாம் இன்னும் மையத்துல நம்ம மேசை பீரோவுலதான் இருக்கு. பச்சை மையில நானே குறைச்சு சரி பண்ணிடறேன். மேலே போனது அவளோட கட்டு ஒண்ணுதான். அவ ஒருத்தியோட போயிடும்."

"அவ பேரை எடுத்துடுவாங்களா?"

"எடுப்பாங்க."

"திருத்துறவங்க லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்தா, அவங்க ஸ்கூல்ல வச்சுக்க மாட்டாங்க அண்ணி. அவங்க இன்னும் தற்காலிகம்தான்."

"அவளுக்கென்ன, வாய் இருக்கு. எங்க போனாலும் பிழைச்சுக்குவா." சிக்னல் விழுந்தது. அண்ணி ஸ்டீயரிங்கை விரலால் தட்டினாள். "நான் எங்க போவேன் பாப்பா? பிரமோஷனுக்குத் துறைக்கு என் பேர் போயிருக்கு. கையெழுத்து விழற நேரம். உங்க அண்ணன் எழுந்து நடக்கற வரைக்கும் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தறது யாரு? நீ சொல்லு."

அவளுக்குப் பதில் தெரியும். தன் அறைக்குத் திரைச்சீலை தைத்துத் தொங்கவிட்டது யார் என்றும் தெரியும். அவள் பெட்டியோடு வந்து நின்ற அன்று, அண்ணன் வாசலில் விழித்துக்கொண்டு நிற்க, "வழியை விடுங்க, அவ உள்ளே வரட்டும்" என்று சொன்னது அண்ணிதான். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வாயால் சொன்னதில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுவதுதான் அவள் நன்றி. எது பேசுவதற்கு முன்னாலும் ஒரு முறை அந்த முகத்தைப் பார்த்துக்கொள்வாள், தெருவைக் கடப்பதற்கு முன் வலமும் இடமும் பார்ப்பது போல.

*

நடந்தது இதுதான்.

விடைக்குறிப்பில் 'எழுத்துப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. யாருடைய எழுத்துப்படி, பிரிட்டிஷா அமெரிக்காவா, என்று இல்லை. பாடப்புத்தகம் ஒரு மாதிரி சொல்கிறது. பிள்ளைகளின் கையில் இருக்கும் போன் இன்னொரு மாதிரி சொல்கிறது. புத்தகம் கலருக்கு யு போடச் சொல்கிறது. போட்டால் போன் சிவப்புக் கோடு இழுக்கிறது. பிள்ளைகள் புத்தகத்தையா நம்புவார்கள்?

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு கட்டுரை. எழுதியது பையனோ பெண்ணோ, திருத்துகிறவர்களுக்குத் தெரியாது. நெய்பர் என்ற சொல் ஒவ்வொரு பத்தியிலும் வந்தது, எல்லா இடத்திலும் யு இல்லாமல். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் குளிக்கும்போது விசில் அடிப்பார். தொலைந்துபோன பந்துகளைச் சுவர்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் போவார். அவர் ஆணா பெண்ணா என்று கடைசிவரை சொல்லவில்லை. ஹீயும் இல்லை, ஷீயும் இல்லை, தே. ரேடியோ அதைச் சத்தமாகப் படித்தாள்.

ரேடியோ என்பது மேசை வைத்த பெயர். அவள் திருத்தும்போதும் பேசுவாள், கூட்டும்போதும் பேசுவாள், தண்ணீர் குடிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்துவாள். பக்கத்து இடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியிருந்த அவளுக்கு ரேடியோவை உண்மையில் பிடிக்காது. அந்தச் சத்தத்தில் இரண்டு முறை கூட்டல் தப்பியிருக்கிறது.

"ஒரே ஒருத்தரைப் போய் 'தே'ன்னு எழுதியிருக்கு," என்றார் பெரிய வாத்தியார். மேசையிலேயே மூத்தவர் அவர். "பக்கத்து வீட்டுல எத்தனை பேர் குளிக்கறாங்கன்னே புரியல. குறைங்க."

"ஏன் சார், உங்க வீட்டம்மா உங்களைப் பத்தி எப்படிச் சொல்வாங்க?" என்றாள் ரேடியோ. "'அவங்க பேப்பர் திருத்தப் போயிருக்காங்க'ன்னுதானே? அப்ப இங்க உக்காந்திருக்கறது எத்தனை பேரு?"

மேசை சிரித்தது. பெரிய வாத்தியாரும் பாதி சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "அது மரியாதைக்கு. தமிழ் வேற, இங்கிலீஷ் வேற."

"இந்தப் பிள்ளையும் மரியாதையாத்தான் எழுதியிருக்கு."

"நான் படிக்கறப்ப ஆல்ரைட்டைச் சேத்து எழுதினேன்னு என்னைப் பெஞ்சு மேல ஏத்தினாங்கம்மா."

"அதுக்காக இதையும் ஏத்தணுமா சார்?"

ரேடியோவுக்குப் பக்கத்தில் அவள் தன் தாளைப் பார்த்தபடி அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். தன் பள்ளிக்கூடத்தில் தப்பாக இருந்ததெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டு வருகிறது. அன்றைக்குக் குறைத்த அரை மதிப்பெண்களை யாரும் தேடி வந்து திருப்பித் தரப்போவதில்லை. பெரிய வாத்தியாரின் கோபம் அதுதானோ? தான் பட்டது வீணாகப் போகக் கூடாது என்று?

பேச்சு ஜட்ஜ்மென்ட்டின் நடுவில் ஈ வேண்டுமா என்பதற்குப் போனது. கிரேவுக்கு ஏயா ஈயா என்பதற்குப் போனது. டிராவலிங்குக்கு எத்தனை எல் என்று கேட்டு யாரோ யாரையோ முட்டாள் என்றார்கள். திருத்த வேண்டிய கட்டு அப்படியே கிடந்தது.

அண்ணி பச்சைப் பேனாவை மேசையில் தட்டினாள். "கலருக்கு யு போட்டா என்ன, போடாட்டி என்ன. சாயங்காலம் ஹாலைப் பூட்டறதுக்குள்ள இந்தக் கட்டு முடியணும். நான் ஒண்ணு சொல்றேன். ஆரம்பிச்ச மாதிரியே கடைசி வரைக்கும் எழுதியிருந்தா குறைக்க வேண்டாம். ரெண்டையும் கலந்து எழுதியிருந்தா அரை மார்க். சரியா? மூடி போடுங்க."

மூடி போடுவது என்பது திருத்தும் மேசைகளின் வழக்கம். விடைக்குறிப்பில் இல்லாத சந்தேகம் வந்தால் தலைவர் ஒரு முடிவு சொல்வார். ஒத்துக்கொள்கிறவர்கள் பேனா மூடியைக் கழற்றி மேசை நடுவில் போடுவார்கள். பாதிக்கு மேல் விழுந்தால் அதுதான் அந்த மேசையின் சட்டம். பிறகு மூடியை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கேயும் எழுதி வைப்பதில்லை. எழுதினால் மேலிடத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

முதலில் விழுந்தது பச்சை மூடி. பின்னாலேயே சிவப்பு மூடிகள். அவள் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் போட்டாள். பெரிய வாத்தியார்கூட முணுமுணுத்துக்கொண்டே போட்டார்.

"எனக்கு மூடியே இல்லையே," என்றாள் ரேடியோ. அவளுடையது தலையை அமுக்கினால் முள் வெளியே வரும் பேனா. டக் டக்கென்று அமுக்கிக் காட்டினாள்.

"மூடி இல்லாதவங்களுக்கு ஓட்டு இல்ல," என்றார் பெரிய வாத்தியார்.

"நல்லா இருக்கே. தொண்டை வத்தக் கத்தினது நான், தீர்ப்பு உங்களோடதா?" என்று சொல்லி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள் ரேடியோ.

பக்கத்து மேசைகள் அதே தப்புக்கு அரை அரையாகக் குறைத்துக்கொண்டிருந்தது இவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரே ஒரு கட்டைச் சோதித்துப் பார்க்க மேலே எடுத்துப்போவார்கள். இந்த மேசையிலிருந்து போனது ரேடியோ திருத்திய கட்டு, அதில்தான் வித்தியாசம் அகப்பட்டது. யாருடையது வேண்டுமானாலும் போயிருக்கலாம்.

*

ஹாலில் மின்விசிறிகள் தாள்களைத் தூக்கப் பார்த்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் பாரத்துக்கு ஏதாவது உட்கார்ந்திருந்தது: மூக்குக்கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில், யாருடையவோ சாவிக்கொத்து. அண்ணி நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டாள். அதிகாரி அங்கேதான் இருந்தார்.

அவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் டக் டக்.

"என்ன டீச்சர், இன்னைக்கு என்னைத் திரும்பியே பாக்க மாட்டேங்கறீங்க?" என்றாள் ரேடியோ. "நான் என்ன ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா?"

"தலைவலி."

"எனக்கும்தான். நேத்து எங்க பிரின்சிபால் கூப்பிட்டுப் பேசினாங்க. இந்த வருஷம் திருத்தற வேலையை ஒழுங்கா முடிச்சுட்டு வா, நிரந்தரம் பண்றேன்னாங்க. ராத்திரி தூக்கமே வரல. என் வீட்டுக்காரர் சொல்றாரு, 'நிரந்தரம்னா இனிமே நீ அங்கேயே பேசிட்டு வந்துடு, வீட்டுல கொஞ்சம் அமைதி'ன்னு." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "டீச்சர், மேலேர்ந்து வந்திருக்காராமே. என் கட்டாமே. ஒண்ணும் ஆகாதில்ல? மேடம் சொல்லித்தானே எல்லாரும் செஞ்சோம்."

அவள் தாளின் மூலையை நீவினாள். ஒண்ணும் ஆகாது என்று சொல்லலாம். வாய் வரை வந்தது. இன்னும் சற்று நேரத்தில் அந்த அறையில் தான் சொல்லப்போகும் 'ஆமா'வை நினைத்ததும் அது உள்ளேயே திரும்பிப் போனது.

எதிரே பெரிய வாத்தியார் தலையைத் தூக்கவில்லை. மேசையில் யாருமே தூக்கவில்லை. அவ்வளவு மும்முரமாக அந்த மேசை ஒருநாளும் திருத்தியதில்லை. அவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணி எல்லோரிடமும் பேசியிருக்கிறாள். இல்லை, பேசவே வேண்டியிருந்திருக்காது. போட்ட மூடியைத் திருப்பி எடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. போட்டதற்கு அடையாளமே இல்லை.

பியூன் வந்து அவளைக் கூப்பிட்டார். எழுந்தபோது ரேடியோ அவள் முந்தானையில் ஒட்டியிருந்த கட்டுநூலை எடுத்துவிட்டாள். "நூலோட போறீங்க டீச்சர்," என்றாள். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

*

அதிகாரி மெல்லிய குரல்காரர். உட்காரச் சொன்னார். அண்ணி ஜன்னல் ஓரம் நின்றிருந்தாள், கையில் பச்சைப் பேனாவோடு. மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய மாணவர் கூட்டங்களின் படங்கள். எல்லா முகங்களும் அவளையே பார்த்தன.

"பயப்பட ஒண்ணுமில்ல," என்றார் அதிகாரி. "உங்க மேசைத் தலைவர் சொல்றாங்க, விடைக்குறிப்பைத்தான் பின்பற்றச் சொன்னேன், அந்தம்மா மட்டும் தன் விருப்பத்துக்கு மார்க் போட்டிருக்காங்கன்னு. பக்கத்துல உக்காந்திருக்கறது நீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவள் வழக்கம்போல அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அண்ணி இமைகளை மெதுவாக மூடித் திறந்தாள். வீட்டில், விருந்தாளிகளுக்கு முன்னால், 'ஆமா சொல்லிடு' என்பதற்கு அந்த வீட்டுப் பாஷை அது.

ஆமா. ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு வெளியே போனால் ரேடியோ நூல் எடுத்த அதே கையால் பையை எடுத்துக்கொண்டு போவாள். நாளையிலிருந்து மேசை அமைதியாக இருக்கும். கூட்டல் தப்பாது. சாயங்காலம் காரில் அண்ணி பாட்டுப் போடுவாள். ராத்திரி சாப்பிடும்போது அவள் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி விழும். அதையும் சாப்பிடுவாள். தித்திப்பு இன்னும் தொண்டையில் இருந்தது.

"தெரியும் சார்," என்றாள். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "அது மேசை எடுத்த முடிவு. மூடி போட்டு எடுத்தது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அவரும் ஒரு காலத்தில் திருத்தியவர்தான். மூடி போடுவதென்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை.

"யாரோட மூடியெல்லாம் விழுந்துது?"

"என்னோடது விழுந்துது சார்."

"வேற?"

"அவங்கவங்களைத்தான் நீங்க கேக்கணும்."

"அந்தம்மாவோடது?"

"அவங்க பேனாவுக்கு மூடி கிடையாது."

வெளியே ஹாலில் யாரோ கட்டு ஒன்றைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது. அதிகாரி அவளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டீச்சர், இதை வளர்த்தா மேசை மொத்தமும் விசாரணைக்கு வரும். நீங்களும்தான். அந்தம்மா தானா செஞ்சாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா விஷயம் இதோட முடிஞ்சிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

"பாப்பா," என்றாள் அண்ணி.

மிரட்டலாக இல்லை. அடுப்பில் பால் பொங்கும்போது உள்ளறையைப் பார்த்து அவசரமாகக் கூப்பிடும் குரல். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அண்ணிக்கே அது கேட்டது. கை உதட்டுக்குப் போனது. அதிகாரி மெல்லத் தலையைத் திருப்பி, காகிதத்தில் யாரோ யாரோவாக இருந்த இரண்டு பெண்களையும் முதல் முறையாகச் சேர்த்துப் பார்த்தார்.

இனி அந்த வீட்டுக்குப் போவதா, போனால் எந்த முகத்தோடு போவது, திரைச்சீலைக்குப் பின்னால் இருக்கும் பெட்டியின் பூட்டு இன்னும் வேலை செய்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. அண்ணியின் கண்கள் நிறைந்திருந்தன. அந்தக் கண்ணீர் உண்மையானது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அன்றைக்கு வாசலில் வழிவிடச் சொன்ன குரலும் உண்மையானதுதான்.

"யோசிச்சுட்டேன்," என்றாள். "அதை நான் சொல்ல மாட்டேன்."

அதிகாரியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அவள் அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னாள்.